டாக்டர் அதைக் கேட்கவே இல்லையே!

சென்ற ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை. காலைப் பலகாரம் முடிந்து அடுப்படியைக் கழுவிக்கொண்டிருந்தேன். மகள் படிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. "உங்க பொண்ணு பிரேயர்ல மயங்கி விழுந்துட்டா. பயப்பட ஒண்ணுமில்லே, வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். வீட்டைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை. ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.4. பதினாறு வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் குறையக் கூடாதாம். டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார்: "என்ன சாப்பிடறா? முட்டை, கீரை, கறி எல்லாம் கொடுக்கறீங்களா?"

"எல்லாம் உண்டுங்க டாக்டர். எங்க வீட்டுல பையன், பொண்ணுன்னு வித்தியாசமே பார்க்கறதில்லீங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். டவுன் பஸ்ஸில் திரும்பினோம். ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்த மகள், இறங்கும் சமயத்தில் கேட்டாள்:

"ஏம்மா, டாக்டர் அதைக் கேட்கவே இல்லையே? நீயா எதுக்குச் சொன்னே?"

சகோதரிகளே, அந்தக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. இந்தக் கட்டுரையே அதற்கான பதில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று முட்டைக் கணக்கு

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு வாரச் சாப்பாட்டை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். முட்டை அவித்தால் அவருக்கு ஒன்று, எட்டாவது படிக்கும் பையனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று மூன்றுதான் போடுவேன். பையன் "இன்னொண்ணு" என்பான். "வளர்ற பையன், கொடுத்துடு" என்பேன். அவளும் கொடுத்துவிடுவாள். அவளும் வளர்கிற பெண்தானே? மாதாமாதம் ரத்தத்தை இழப்பவளும் அவள்தானே? அது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பிலும் இதே கதைதான். ஆண்கள் முதலில் உட்காருவார்கள். நல்ல துண்டுகள் அந்தத் தட்டுகளுக்குப் போகும். நானும் மகளும் கடைசியில் களியை உடைத்து, குழம்பில் தொட்டுச் சாப்பிட்டு எழுந்துவிடுவோம். ஈரல் வாங்கிய நாட்களில் அது எங்கள் தட்டுக்கு வந்ததாக எனக்கு நினைவே இல்லை.

யாரும் எங்களைச் சாப்பிடாதே என்று சொன்னதில்லை. எங்கள் வீட்டுக்காரர் நல்ல மனுஷர், குடி கிடையாது, கை நீட்ட மாட்டார். விஷயத்தைச் சொன்னதும், "நான் எப்பவாவது பொண்ணுக்குப் போடாதேன்னு சொன்னேனா?" என்றார். உண்மைதான், சொன்னதில்லை. பரிமாறிய கரண்டி என் கையில்தான் இருந்தது.

அப்படியானால் டாக்டர் கேட்காமலே நான் ஏன் "வித்தியாசமே இல்லை" என்றேன்? அறியாதவள் அப்படிச் சொல்ல மாட்டாள். மனசின் ஒரு மூலையில் எனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததை மூடத்தான் வாய் முந்திக்கொண்டது.

புளி தட்டும் திண்ணையில்

எங்கள் காரிமங்கலம் பக்கம் மாசி, பங்குனி வந்தால் திண்ணைக்குத் திண்ணை புளி குவிந்து கிடக்கும். ஓடு தட்டி, நார் எடுத்து, கொட்டை நீக்கிக்கொண்டே ஊர்க்கதை பேசுவோம். இந்த மாசியில் அங்கே உட்கார்ந்து ஒரு கேள்வியைப் போட்டேன்: "உங்க வீட்டுல பொம்பளைங்கன்னு குறைச்சலா நடத்தறாங்களா?"

கை நிற்காமல் பதில்கள் வந்தன.

"சேச்சே, எங்க வீட்டுல அதெல்லாம் இல்லக்கா. எங்க நாத்தனார் வீட்டுலதான் அநியாயம்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நாத்தனாரைக் கேட்டால் வேறு வீட்டைக் காட்டுவாள் என்பது எனக்குத் தெரியும். அடி வாங்காதவள் அடி வாங்குகிறவளைப் பார்த்து ஆறுதல் அடைகிறாள். அடி வாங்குகிறவளோ துரத்தப்பட்டவளைப் பார்த்து ஆறுதல் அடைகிறாள்.

"நம்ம வீட்டு அழுக்கை நாமே தெருவுல கொட்டறதா?" என்றார் ஒரு சின்னம்மா. வீட்டு மானம் என்ற மூட்டையை எப்போதும் நம் தலையில்தான் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

இன்னொருத்தி களை எடுக்கப் போகிறவள். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பது அவளுக்கு வித்தியாசமாகவே படவில்லை. "அவுங்க மம்பட்டி பிடிக்கறாங்க, நாம குனிஞ்சு களை பறிக்கறோம். அது வேற, இது வேற" என்றாள். நாள் முழுக்கக் குனிந்த முதுகு வலிக்கவில்லையா என்று கேட்டேன். "அது பழகிப்போச்சு" என்றாள். சம வேலைக்குச் சம கூலி என்று சட்டம் வந்தது 1976-ல். அவள் அப்போது பிறந்திருக்கவே மாட்டாள்.

எல்லாருக்கும் மூத்த ஆயா ஒருத்தர் கடைசியில் சொன்னார்: "நாங்க படாததையா நீங்க பட்டுட்டீங்க? எங்க மாமியா களி கிண்டின சட்டியைச் சுரண்டித்தான் எனக்குப் போட்டா. நான் இல்லாமப் போயிட்டேனா?"

அந்த ஆயாவின் பேச்சில் கோபம் இல்லை. பெருமைதான் இருந்தது. சட்டி சுரண்டியது தப்பு என்று இன்றைக்கு ஒப்புக்கொண்டால், அறுபது வருஷத்துப் பொறுமை வீண் என்று ஆகிவிடாதா? தன் மருமகளுக்குத் தானும் அதையே செய்தது பாவமாகிவிடாதா? அதற்கு "அது ஒண்ணுமே இல்லே" என்று சொல்லிவிடுவது எத்தனையோ சுலபம்.

கணக்கெடுத்தவர்கள் கண்டது

இது எங்கள் திண்ணையின் கதை மட்டுமல்ல. மத்திய அரசு சில வருஷங்களுக்கு ஒருமுறை தேசிய குடும்ப நல ஆய்வு நடத்துகிறது. அதன் ஐந்தாவது சுற்று 2019-லிருந்து 2021 வரை நடந்தது. அதில் ஒரு கேள்வி: புருஷன் பெண்டாட்டியை அடிப்பது நியாயமா? ஏழு காரணங்களை வாசித்துக் கேட்கிறார்கள். சொல்லாமல் வெளியே போனால், சமையல் சரியில்லாவிட்டால், எதிர்த்துப் பேசினால், மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால் என்று போகிறது அந்தப் பட்டியல். நாடு முழுவதும் நூற்றுக்கு 45 பெண்கள், ஏதாவது ஒரு காரணத்துக்காவது அடிக்கலாம் என்றார்கள். ஆண்களில் அப்படிச் சொன்னவர்கள் 44 பேர். நம் தமிழ்நாட்டிலோ அப்படிச் சொன்ன பெண்கள் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல்!

படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு யோசித்தேன். அடி நியாயம் என்று சொல்பவள், "நான் ஒழுங்காக இருந்தால் எனக்கு அடி விழாது" என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொள்கிறாள். அநியாயமாகக்கூட அடி விழலாம் என்று ஒத்துக்கொண்டுவிட்டால் அந்த வீட்டில் அவள் எப்படிக் கண்ணயர்வாள்?

வெளிதேசத்திலும் இந்தக் கதை உண்டு. இங்கிலாந்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராட்டம் நடந்தபோது, "எங்களுக்கு ஓட்டு வேண்டாம்" என்று 1908-ல் ஒரு சங்கமே தொடங்கினார்கள். தொடங்கியவர்கள் படித்த, வசதியான பெண்மணிகள்! வீடு எங்கள் ராஜ்யம், அரசியல் ஆண்களுடையது என்பது அவர்கள் வாதம். அதையும் மீறி 1918-ல் அங்கே முப்பது வயதான பெண்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு வந்தது. நம் சென்னை மாகாணத்திலும் 1921-ல், சொத்துத் தகுதி இருந்த பெண்கள் ஓட்டுரிமை பெற்றார்கள். இன்றைக்கு ஓட்டுச்சாவடியில் முதல் வரிசையில் நிற்பவர்கள் நாம்தான்.

நானும் போட்ட ஒரு கையெழுத்து

மற்றவர்களைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

அப்பா 2010-ல் தவறினார். அடுத்த வருஷம் நாங்கள் மூன்று அக்கா தங்கைகளும் பத்திர ஆபீசுக்குப் போய், தம்பி பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தோம். ஆளுக்கு ஒரு பட்டுப்புடவையும் ஐயாயிரம் ரூபாயும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார்கள். அங்கிருந்த அதிகாரி, "சம்மதம்தானேம்மா?" என்று கேட்டார். மூன்று பேரும் தலையை ஆட்டினோம்.

தமிழ்நாட்டில் பெண் மக்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை 1989-லேயே வந்துவிட்டது. அப்போது கல்யாணம் ஆகாதிருந்தவர்களுக்கு மட்டும் என்றிருந்ததை மாற்றி, 2005-ல் நாடு முழுவதும் எல்லாப் பெண்களுக்கும் உண்டு என்றார்கள். அந்தச் சமயத்தில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் கையெழுத்துப் போடும் இடத்தில் சட்டமா கண்ணில் நிற்கும்? தீபாவளிச் சீரோடு வாசலில் வந்து நிற்கும் தம்பியின் முகம்தான் நிற்கும். பங்கு கேட்டால் அம்மா வீட்டு வாசல் மூடிவிடுமே என்ற பயம்தான் நிற்கும்.

தம்பிமேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இத்தனை வருஷமும் கேட்டவர்களுக்கெல்லாம், "நாங்களாத்தான் வேண்டாம்னோம்" என்று சொல்லி வந்தேன். யோசித்துப் பார்த்தால் வேண்டுமா, வேண்டாமா என்று எங்களை யாரும் கேட்கவே இல்லை. பத்திரம் எழுதி முடித்த பிறகுதான் சம்மதமா என்று கேட்டார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பெரியக்கா வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். அக்கா காதில் கிடந்த கம்மலைக் கழற்றி அடகு வைத்தாள். அப்போதும், "நமக்கென்ன குறை? தம்பி நல்லா இருந்தாச் சரி" என்றாள். கம்மல் இல்லாத காதோடு அவள் அதைச் சொன்னது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"வளர்க்கலாம்னு சொல்லிட்டார்"

இன்னும் ஆழமாகப் போனால் எங்கள் மாவட்டத்தின் பழைய காயம் ஒன்று இருக்கிறது. தருமபுரி, சேலம், மதுரைப் பக்கங்களில் பெண் சிசுக்களைப் பிறந்த சில நாளிலேயே கொன்ற கொடுமை 1980-களிலும் 90-களிலும் நாடறியப் பேசப்பட்டது. வேண்டாத குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் விட்டுவிடுங்கள் என்று 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. சேலத்தில் தொடங்கிய அது 2001-ல் எங்கள் மாவட்டத்துக்கும் வந்தது. அந்த வருஷத்து மக்கள்தொகைக் கணக்கில், ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் ஆயிரம் பையன்களுக்கு 826 பெண் குழந்தைகள்தான் இங்கே இருந்தார்கள். 2011-ல் அது 913 ஆனது. ஏறியது சந்தோஷம்தான். ஆனாலும் வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லும் கும்பல்கள் பிடிபட்ட செய்தி இன்னும் நம் ஜில்லாவிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது.

நான் வீட்டில் மூன்றாவது பெண். சின்ன வயதில் அம்மா என் தலையை வாரிக்கொண்டே அடிக்கடி ஒன்று சொல்வார்: "உங்கப்பா தங்கமான மனுஷன்டி. மூணாவதும் பொண்ணுன்னு தெரிஞ்சும், ஒரு வார்த்தை பேசாம, வளர்க்கலாம்னு சொல்லிட்டார்."

அதைக் கேட்டு எனக்கு அப்பாமேல் பாசம் பொங்கும். பெருமையாகத் தோழிகளிடம் சொல்லியிருக்கிறேன். நாற்பது வயது தாண்டித்தான் அந்த வாக்கியம் எனக்கு உறைத்தது. ஒரு குழந்தையை உயிரோடு விட்டதை ஒரு தகப்பனுடைய நல்ல குணமாகச் சொல்ல வேண்டியிருந்த காலம் அது! அம்மா பொய் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தைப் பார்த்த அம்மாவுக்கு அது உண்மையிலேயே பெரிய விஷயம். அந்த நன்றியில், "இது என்ன அநியாயம்?" என்ற கேள்வி மூழ்கிப்போய்விட்டது. "எங்க வீட்டுல அதெல்லாம் இல்லை" என்று சொல்ல நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அதுதான்.

சொன்னால் என்ன ஆகும்?

"சரி, ஒத்துக்கிட்டா என்ன செய்யறது? புருஷனோடு சண்டை போடணுமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் பயந்தேன். ஒன்றும் ஆகவில்லை சகோதரிகளே, வீடு இடிந்து விழவில்லை!

அந்த ஆடியிலிருந்து எங்கள் வீட்டில் சில மாற்றங்கள் செய்தோம். சாப்பாட்டுக்கு நான்கு பேரும் ஒன்றாக உட்காருகிறோம். சட்டி நடுவில் இருக்கும், அவரவர் போட்டுக்கொள்வார்கள். முட்டை மூன்றில்லை, நான்கு. என்னையும் சேர்த்துத்தான்! நானும் ரத்தம் பார்த்தேன், 9.1 இருந்தது. அந்தத் தேசிய ஆய்வின்படி நம் மாநிலத்தில் 15 வயதிலிருந்து 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல், நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. "அசதியா இருக்கு" என்று நாம் ஒதுக்கித் தள்ளுவதில் பாதி இதுதான்.

டாக்டரம்மா சொன்னவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். இரும்புச் சத்து மாத்திரையை அவர்கள் சொன்ன நாள்வரை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு டீ, காபி குடித்தால் அந்தச் சத்து சரியாக உடம்பில் ஒட்டாது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். கீரை, கேழ்வரகு, பயறு சாப்பிடும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் சத்து நன்றாகச் சேரும். பூச்சி மருந்தை டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல மாத்திரையை, குமட்டுகிறது என்று மகள் தூக்கிப் போட்டு வந்தாளாம். சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டோம்.

பையன் முதலில் முகத்தைத் தூக்கினான். "அக்காவுக்கும் உடம்பு இருக்குடா" என்றேன். இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. இப்போது தன் தட்டைத் தானே கழுவுகிறான். அதில் தேய்மானம் ஒன்றும் காணோம்! அவர் மட்டும், "டாக்டர் ஒருத்தர் வந்து சொல்லணும், அப்பத்தான் நீயும் உட்காருவே" என்று கிண்டல் செய்கிறார்.

எங்கள் மாவட்டத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதலில் 1989-ல் தருமபுரியில்தான் தொடங்கின. கையெழுத்துப் போடத் தயங்கிய பெண்கள் பாங்கிக்குப் போய்க் கணக்குக் கேட்டார்கள். அப்போதும், "பொம்பளைங்களுக்கு எதுக்கு இதெல்லாம்" என்று முதலில் சொன்னவர்களில் பெண்களும் இருந்திருப்பார்கள். இன்று எங்கள் ஊரிலேயே அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. செவ்வாய்க்கிழமைச் சந்தைக் கூட்டத்தில் பெண்பிள்ளைகள் புத்தகப் பையோடு புகுந்து போவதைப் பார்க்கவே மனசு குளிர்கிறது. அந்தப் பெண்களில் எத்தனை பேர் ரத்தமில்லாமல், மூச்சு வாங்கிக்கொண்டு நடக்கிறார்களோ!

தை மாதம் மறுபடி ரத்தம் பார்க்கப் போனோம். மகளுக்கு 11.6. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "பரவாயில்லையே, என்ன மாத்தினீங்க?" என்றார். நாக்கு நுனியில் பழைய பதில் வந்து நின்றது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன்: "முன்னே எங்க வீட்டுல வித்தியாசம் பார்த்துட்டோம் டாக்டர். நான்தான் பார்த்தேன். இப்ப இல்லே."

சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. வெளியே வந்ததும் மகள் ஒன்றும் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை என் கைப்பையைத் தானே வாங்கித் தூக்கிக்கொண்டு வந்தாள்.

இன்று ராத்திரி உங்கள் வீட்டில் கடைசியாகத் தட்டு எடுத்து உட்காருவது யார் என்று பாருங்கள். உங்கள் மகள் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நம் அம்மாக்கள் நமக்கு அதைத்தான் சொன்னார்கள். நாம் வேறு பதில் சொல்வோம்.